மருந்துக்கு முன் மாதிரி: கால்நடைக் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. பாலக்காடு சித்தூர்ப் பக்கம், ஆனைமலை, வால்பாறை, கம்பம், செங்கோட்டை எனப் பல ஊர்கள். பலரும் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: ஆய்வகத்துக்கு எதை, எப்போது, எப்படிக் கொடுப்பது, வந்த அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது? அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எங்கள் ஜெர்சி கலப்பு மாட்டுக்கு வலது பின்காம்பில் மடிநோய். இரண்டு மாதத்தில் மூன்று தடவை ஊசியும் காம்புக்குள் விடும் டியூபும் போட்டாயிற்று. நின்றதுபோல் நின்று திரும்ப வருகிறது. பாலைச் சோதனைக்குக் கொடுத்தோம். ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வந்தது. அப்படியென்றால் கிருமியே இல்லையா?

பதில்: ‘வளர்ச்சி இல்லை’ என்றால் அந்தப் பாட்டிலில் இருந்த பாலிலிருந்து ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்று மட்டுமே பொருள். மடி சுத்தம் என்று பொருள் இல்லை. உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. மூன்றாவது டியூப் விட்ட நான்காம் நாள் பால் எடுத்திருக்கிறீர்கள். பாலில் கலந்திருக்கும் ஆன்டிபயாட்டிக், ஆய்வகத் தட்டிலும் தன் வேலையைச் செய்யும். கிருமி சாகாவிட்டாலும் வளராமல் அமுங்கிக் கிடக்கும். கடைசி மருந்து போட்டு 14 நாள் கழித்து எடுத்தால்தான் நம்பலாம். அதைவிட நல்லது, அடுத்த முறை பால் திரியத் தொடங்கியதும் முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுவது.

இன்னொரு காரணமும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் மடிநோயில் பெரும்பாலும் அகப்படுவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது மடித் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளில் ஒளிந்துகொண்டு, ஒரு நாள் பாலில் இறங்கும், மறுநாள் இறங்காது. அதனால் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு மாதிரி கொடுத்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும்.

பால் எடுக்கும் முறையில்தான் பாதித் தவறு நடக்கிறது. ஆய்வகத்திலோ மருத்துவரிடமோ கேட்டு ஸ்டெரைல் டப்பா வாங்குங்கள். மருந்து பாட்டிலைக் கொதிநீரில் கழுவிக் கொடுப்பது வேண்டாம். மடியைக் கழுவினால் முழுக்கத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரம் சொட்டும் மடியிலிருந்து வழியும் தண்ணீர்தான் சாணிக் கிருமியைப் பாட்டிலுக்குள் கொண்டுபோகிறது. முதல் மூன்று நான்கு பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் கறந்து ஒதுக்கிவிடுங்கள். பிறகு 70 சத ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியை, துளை இருக்கும் இடத்தை, பஞ்சில் அழுக்கு ஒட்டாத வரை துடையுங்கள். ஒரு காம்புக்கு ஒரு பஞ்சு. நான்கு காம்பையும் எடுப்பதாக இருந்தால், துடைக்கும்போது உங்களுக்கு எட்டத்தில் இருக்கும் காம்பிலிருந்து தொடங்குங்கள். கறக்கும்போது கிட்டத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. டப்பாவைச் சாய்த்துப் பிடியுங்கள், நேராகப் பிடித்தால் மடியின் முடியும் தூசியும் உள்ளே விழும். மூடியைத் தரையில் வைக்காமல் சுண்டு விரலிடுக்கில் உட்பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். 5 முதல் 10 மில்லி போதும். டப்பா மேல் மாட்டின் அடையாளமும் எந்தக் காம்பு என்பதும் இருக்கட்டும். உடனே ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஒரு மாதிரியில் மூன்று நான்கு வகைக் கிருமி வளர்ந்தால் அதை ஆய்வகம் ‘கலப்படம்’ என்று ஒதுக்கிவிடும். அது மடியின் கிருமி இல்லை, கட்டுத்தரையின் கிருமி.

எந்தக் காம்பில் நோய் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்புக்கும் ஒரு சிறு கிண்ணம். பால் எவ்வளவோ அதே அளவு சோப்புத் தண்ணீர். 15, 20 விநாடி வட்டமாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய் இருந்தால் கஞ்சிபோல் குழகுழவென்று திரண்டு, கிண்ணத்தைச் சாய்த்தால் கட்டியாக நழுவும். பாலில் சேர்ந்திருக்கும் வெள்ளணுக்களைச் சோப்பு உடைக்க, உள்ளிருந்து வரும் டி.என்.ஏ. நூல்கள்தான் அப்படித் திரள்கின்றன. கன்று போட்ட முதல் வாரத்திலும், பால் வற்றும் கடைசி நாட்களிலும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். நல்ல மடியிலேயே அப்போது அணுக்கள் கூடுதலாக இருக்கும்.

கிருமி வளர்ந்து எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தட்டில் ஒவ்வொரு மருந்து வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டம் விழும், அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். பெரிய வட்டம் விழுந்த மருந்துதான் சிறந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவுகோல் இருக்கிறது. ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ‘கேட்கும்’ என்று குறித்தவற்றில் மடித் திசுவுக்குள் போய்ச் சேரக்கூடியது எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். மருந்து போட்ட நாட்களின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.

கேள்வி (வால்பாறை): எஸ்டேட் ஓரம் மேயும் எங்கள் பசு ரத்தமாக மூத்திரம் போகிறது. உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி ஊசி போட்டார்கள். ஒரு வாரம் சரியாகி மறுபடி வந்தது. பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ‘ஒட்டுண்ணி இல்லை’ என்று வந்தது. வேறு என்னவாக இருக்கும்?

பதில்: சிவந்த மூத்திரம் பல நோய்களில் வரும். முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு மைக்ரோஸ்கோப்கூட வேண்டாம். மாடு மூத்திரம் போகும்போது நடுவில் பிடித்து, ஒரு கண்ணாடிக் குழாயிலோ வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலிலோ ஊற்றி, அசைக்காமல் இரண்டு மணி நேரம் வைத்துவிடுங்கள். அடியில் சிவப்பாகப் படிந்து மேலே மஞ்சளாகத் தெளிந்தால், முழு ரத்த அணுக்களே இறங்கியிருக்கின்றன. சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ புண் இருக்கிறது. எவ்வளவு நேரம் வைத்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே காபி நிறமாக இருந்தால், ரத்த அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்து அதன் சிவப்பு மட்டும் கரைந்து வருகிறது. நிறம் மாறும் பட்டையை முக்கிப் பார்த்தால் இரண்டிலும் ‘ரத்தம் உண்டு’ என்றே காட்டும். அதனால் அந்தப் பட்டையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஒரே காபி நிறமாக இருந்தால் இரண்டு நோய்களை முன்னால் நினைக்க வேண்டும். காய்ச்சல் 104, 105 டிகிரி, உடம்பில் உண்ணி, கண்ணின் உட்பக்கம் வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் அது பெபீசியா என்ற உண்ணிக் காய்ச்சல். காய்ச்சலே இல்லாமல், கன்று போட்டு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள், நன்றாகக் கறக்கும் மாடு அல்லது எருமைக்கு வந்தால் அது பாஸ்பரஸ் குறைவு. அதற்கு ரத்தச் சீரத்தில் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிநீர்) பாஸ்பரஸ் அளவு பார்க்க வேண்டும். வழக்கமாக 100 மில்லிக்கு 4 முதல் 7 மில்லிகிராம் இருக்கும். இந்த நோயில் 2-க்கும் கீழே போவது சாதாரணம். இப்படிப்பட்ட மாட்டுக்கு உண்ணி ஊசி போட்டால் எந்தப் பயனும் இல்லை. அப்படி வீணாகப் போன நாட்களில் ரத்தம் இன்னும் உடைந்திருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் பசுவுக்கு இந்த இரண்டும் இல்லை என்றே தோன்றுகிறது. மூத்திரத்தில் சில நாள் ரத்தக்கட்டி வருவதாகவும், கன்று போட்டு ஒன்பது மாதம் ஆனதாகவும், காய்ச்சல் இல்லை என்றும், ஓடைக்கரைப் பெரணிக் காட்டில் மேய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மலைப்பகுதிகளில், பெரணி மண்டிய மேய்ச்சலில் மாதக்கணக்கில் மேயும் மாடுகளுக்கு வரும் சிறுநீர்ப்பை நோய் இது. பெரணியில் இருக்கும் டாக்குவிலோசைடு என்ற நச்சு சிறுநீர்ப்பையின் உட்சுவரில் புண்ணும் கட்டியும் உண்டாக்குகிறது. விட்டு விட்டு ரத்தம் வருவதுதான் இதன் குணம். அதனால்தான் ஊசி போட்ட வாரம் தானாக நின்றது ஊசியால் நின்றதுபோல் தெரிந்திருக்கிறது. மூத்திரத்தின் அடிப்படிவை ஆய்வகத்தில் பார்த்தால் முழுச் சிவப்பணுக்கள் தெரியும். சீழ் அணுவும் கிருமியும் சேர்ந்து தெரிந்தால் சிறுநீரகத் தொற்று. சிவப்பணு மட்டும், கூடவே உருமாறிய சிறுநீர்ப்பைச் சுவர்ச் செல்கள் இருந்தால் பெரணி நோய். கட்டி வளர்ந்துவிட்ட மாட்டுக்கு மருந்து இல்லை. இந்த நிலத்தில் மேயும் மற்ற மாடுகளை உடனே வெளியேற்றுங்கள். அந்த நச்சு பாலிலும் இறங்கும். அதனால் இந்த மாட்டின் பாலை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

ரத்தம் பூசிப் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடு பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஒட்டுண்ணி இல்லை’ என்ற அறிக்கை ஊசிக்குப் பின் எடுத்த ரத்தத்தில் வந்தது. பெபீசியாவே இருந்திருந்தாலும் ஊசி போட்ட ஓரிரு நாளில் ஸ்லைடில் காண முடியாமல் போயிருக்கும். காய்ச்சல் ஏறியிருக்கும்போதே, ஊசிக்கு முன், காது ஓரத்தில் முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, ஊசி முனையால் குத்தி வரும் முதல் சொட்டை எடுக்க வேண்டும். சொட்டு கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். பெரிதானால் பூச்சு தடித்து எதுவும் தெரியாது. இன்னொரு ஸ்லைடின் விளிம்பை 30, 45 டிகிரி சாய்வில் சொட்டில் தொட்டு, சொட்டு விளிம்பு முழுக்கப் பரவியதும் ஒரே இழுப்பில் தள்ள வேண்டும். பூச்சு நாக்கு வடிவத்தில், நுனி மெலிந்து முடிந்தால் அது நல்ல பூச்சு. விசிறிக் காயவைத்து, மெத்தனாலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிட வேண்டும். அப்படியே திறந்து வைத்தால் ஈ வந்து ரத்தத்தை நக்கிவிடும். ஸ்லைடை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், நீர் பூத்துப் பூச்சு கெடும். ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் வைத்தால் அதன் ஆவி பட்டுச் சாயம் ஏறாது. இந்தக் கடைசித் தவறு பல இடங்களில் நடக்கிறது.

கேள்வி (மீனாட்சிபுரம்): ஆட்டுக்கு மாதம் தவறாமல் குடற்புழு மருந்து கொடுக்கிறோம். ஆனாலும் தாடை வீங்கி இளைக்கிறது. சாணிச் சோதனை அவசியமா?

பதில்: கட்டாயம் அவசியம். மாதாமாதம் ஒரே மருந்து கொடுத்ததால் அந்த மருந்துக்கு அசையாத புழுக்கள் மட்டும் பட்டியில் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். தரையில் கிடக்கும் புழுக்கையைப் பொறுக்காமல், கையுறை போட்ட விரலால் ஆசனவாயிலிருந்து எடுங்கள். ஒரு ஆட்டுக்கு 5 கிராம், பத்து ஆட்டுக்குத் தனித்தனியாக. சிறு டப்பாவில் காற்று இல்லாமல் நிரப்பி மூடி, ஐஸில் வையுங்கள். வெயிலில் இருந்தால் முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை தவறும். ஆய்வகத்தில் 2 கிராம் புழுக்கையை 28 மில்லி செறிவான உப்புக் கரைசலில் கரைத்து, கோடு போட்ட கண்ணாடி அறைகளில் மிதந்து வரும் முட்டைகளை எண்ணி, இரண்டு அறைக் கூட்டுத்தொகையை 50-ஆல் பெருக்குவார்கள். ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது அதுதான். மருந்து கொடுத்து 14-ஆம் நாள் அதே ஆடுகளிடம் மறுபடி எண்ண வேண்டும். 95 சதத்துக்குக் குறைவாகக் குறைந்திருந்தால் அந்த மருந்தை நிறுத்துங்கள். குளம், வாய்க்கால் ஓரம் மேயும் ஆடென்றால் தட்டைப்புழுவுக்குத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த முட்டை கனமானது. உப்புக் கரைசலில் மிதக்காது, அடியில் படியவைத்துத்தான் பார்க்க முடியும். கேட்காவிட்டால் பல இடத்தில் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி (கம்பம்): ஏழு மாதச் சினைமாடு கன்று வீசிவிட்டது. போன வருடம் இன்னொரு மாடும் இப்படித்தான். புரூசெல்லா (கன்று வீச்சு நோய்க் கிருமி) சோதனை செய்தோம், ‘இல்லை’ என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இன்னும் முடியாது. கன்று வீசிய அன்றே எடுத்த சீரத்தில் எதிர்ப்பொருள் இன்னும் உருவாகாமல் இருக்கலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். ரோஸ் பெங்கால் சோதனை என்பது ஒரு சொட்டுச் சீரத்தோடு ஒரு சொட்டு இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கிருமியைக் கலந்து நான்கு நிமிடம் ஆட்டிப் பார்ப்பதுதான். மணல்மணலாகத் திரண்டால் ‘உண்டு’. இது வடிகட்டும் சோதனை. உறுதிப்படுத்த எலைசா போன்ற இன்னொன்று வேண்டும்.

சீரம் கெடுவதும் இங்கேதான். 5 முதல் 10 மில்லி ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, குலுக்காமல், நிழலில் சாய்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். உறைந்த பிறகு குளிரூட்டலாம். சூடாக எடுத்த ரத்தத்தை நேராக ஐஸில் புதைத்தாலோ, பைக்கில் ஆட்டிக்கொண்டு போனாலோ அணு உடைந்து சீரம் சிவந்துவிடும். அதில் எந்தச் சோதனையும் தெளிவாக வராது.

மிகச் சிறந்த மாதிரி வீசிய கன்றேதான். அதன் இரைப்பைத் திரவத்தில் கிருமி மொய்த்துக் கிடக்கும். மருத்துவர் சிரிஞ்சில் 5 மில்லி எடுத்தால் வளர்ப்பும் பி.சி.ஆரும் செய்யலாம். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டும் தனி டப்பாவில் போகட்டும். வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் வேண்டும், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே வரக்கூடாது. இந்தக் கிருமி மனிதருக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, இரவில் வியர்த்துக் கொட்டுதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். கறப்பவர்களுக்கு அப்படி ஏதும் இருந்தால், மாடு கன்று வீசியதை மனித மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் வேறு காய்ச்சல் என்று நினைத்து அலைவது சகஜம்.

புரூசெல்லா இல்லை என்றாலும் எலிக்காய்ச்சல் கிருமி, ஐ.பி.ஆர். வைரஸ், நியோஸ்போரா ஒட்டுண்ணி என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. அதனால் ஒரே சீரத்தில் இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் ஒரே ஒருமுறை போடும் புரூசெல்லா தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அது போட்ட கன்றில் சீரச் சோதனை ‘உண்டு’ என்று காட்டலாம். ஆகவே போட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

கேள்வி (கோவிந்தாபுரம்): காலையில் நன்றாக மேய்ந்த மாடு மாலையில் செத்துக் கிடந்தது. மூக்கில் கறுத்த ரத்தம். காரணம் தெரிய அறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

பதில்: அறுக்காதீர்கள். தோலும் உரிக்காதீர்கள். திடீர்ச் சாவு, துளைகளில் உறையாத கறுத்த ரத்தம், வயிறு வேகமாக உப்புதல், உடல் விறைக்காமல் இருத்தல் என்றால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூடிய உடலுக்குள் இருக்கும் கிருமி அழுகலில் சில நாளில் தானே அழியும். வயிற்றைக் கிழித்தால் காற்றுப் பட்டு வித்தாக மாறும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டு இருக்கும். உங்கள் பேரப்பிள்ளைகளின் மாடு அங்கே மேயும்போதும் அது இருக்கும். மருத்துவர் காது நரம்பில் ஒரு சொட்டு எடுத்துப் பாலிகுரோம் மெத்திலீன் நீலத்தில் சாயமேற்றினால், நீலக் கட்டைத் தண்டுகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். அதுவே போதும். அறுக்கத் தேவையில்லை. மேய்ந்த இடத்திலேயே ஆறடிக் குழியில், ரத்தம் சிந்திய மண்ணையும் வழித்துச் சேர்த்துப் புதையுங்கள். உடலை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே யாராவது ரத்தத்தைத் தொட்டிருந்தால் இன்றே மருத்துவமனைக்குப் போகட்டும். மற்ற மாடுகளுக்கான அடைப்பான் தடுப்பூசி ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. உங்கள் பக்கத்துக் கேரளக் கால்நடை மருத்துவமனையிலும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி (செங்கோட்டை): எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல், தட்டணு (பிளேட்லெட்) 38 ஆயிரம். 28 நாள் மாத்திரை கொடுத்தோம். நன்றாக ஓடியாடுகிறது. இரண்டு மாதம் கழித்துக் கிட் சோதனையில் இன்னும் எர்லிக்கியா (நாய் உண்ணிக் காய்ச்சல் கிருமி) ‘உண்டு’ என்று வருகிறது. மாத்திரையைத் தொடரவா?

பதில்: அந்தக் கிட் பார்ப்பது கிருமியை இல்லை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. நோய் போன பிறகும் அது மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். அதை வைத்து மருந்தைத் தொடர்வதோ நிறுத்துவதோ சரியில்லை. தட்டணுவைப் பாருங்கள். நாய்க்கு ஏறக்குறைய 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்க வேண்டும். அங்கே ஏறி நின்று, இரண்டு மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் கவலையில்லை. மறுபடி இறங்கினால் பி.சி.ஆர். பார்க்கலாம். அது கிருமியையே தேடும்.

38 ஆயிரம் என்ற எண்ணையும் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் குறித்த கோடுவரை ரத்தம் விட்டு உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்க்காவிட்டால் தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கொத்தை எண்ணாது. ஸ்லைடின் ஓரத்தில் கொத்து இருக்கிறதா என்று பார்த்து, மைக்ரோஸ்கோப்பின் எண்ணெய் லென்சில் ஒரு வட்டத்துக்கு எத்தனை தட்டணு என்று எண்ணி 15 ஆயிரத்தால் பெருக்கினால் ஓரளவு உண்மை தெரியும். குறைந்த எண் வந்த எந்த நாய்க்கும் இதைக் கேளுங்கள்.

கேள்வி (குமுளி): தெருநாய் கடித்த பசு மூன்று வாரமாக நன்றாகத்தான் இருக்கிறது. வெறிநோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. உயிரோடு இருக்கும் விலங்கில் ‘இல்லை’ என்று உறுதி சொல்லும் சோதனை எதுவும் கிடையாது. செத்த பிறகு மூளைத் துண்டை ஒளிரும் சாயச் சோதனையில் பார்ப்பதுதான் உறுதி. அதற்கு மூளையை ஐஸில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் அந்தச் சோதனைக்குப் பயன்படாது. இப்போது செய்ய வேண்டியது, கடித்த பிறகு போடும் தடுப்பூசித் தொடரை மருத்துவரிடம் கேட்டு இன்றே தொடங்குவது. மாடு தீனி விழுங்காமல் எச்சில் வடித்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோய் மாடு தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். கை விட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (புளியரை): மரவள்ளி இலை தின்ற இரண்டு ஆடு அரை மணியில் செத்தன. விஷமா என்று எப்படிக் காட்டுவது?

பதில்: சயனைடு காற்றில் பறந்துவிடும். இரைப்பைச் சரக்கை உடனே எடுத்து, டப்பா தளும்ப நிரப்பி இறுக மூடி உறையவையுங்கள், எந்த மருந்தும் சேர்க்க வேண்டாம். தின்ற இலையையும் தனியாகக் கொடுங்கள். ஆய்வகத்தில் மஞ்சள் பிக்ரேட் சோதனைத் தாள் செங்கல் நிறமானால் சயனைடு. மிச்ச ஆடு தள்ளாடினால் தயோசல்பேட் ஊசிக்கு மருத்துவரை ஓடிப்போய் அழையுங்கள், அறிக்கை பிறகு வரட்டும்.

கேள்வி (வேலந்தாவளம்): நாங்கள் எல்லையில் இருக்கிறோம். எந்த மாநில ஆய்வகத்துக்குப் போவது? கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்: மாடு எந்த மாநிலத்தில் கட்டியிருக்கிறதோ அந்த மாநில மருத்துவர் வழியாகப் போவதே நல்லது. கோமாரி, அடைப்பான், பறவைக் காய்ச்சல், பன்றிக் காய்ச்சல் போன்றவை உறுதியானால் தடுப்பூசியும் நடவடிக்கையும் அந்த அரசுதான் செய்யும். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அதற்கு மேல் சோதனை வேண்டுமென்றால் உடுமலைப்பேட்டை, தேனி, நாமக்கல், திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள். கேரளப் பக்கம் மண்ணுத்தி கல்லூரியும், பாலோட்டில் உள்ள மாநில விலங்கு நோய் நிறுவனமும். இரண்டு மாநிலத்திலும் 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம். கோழியோ வாத்தோ கூட்டமாகச் செத்தால் மட்டும் எதையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். அதை மருத்துவர் வந்து எடுத்து, போபால் தேசிய ஆய்வகம்வரை அனுப்ப வேண்டியிருக்கும். 2014-இல் ஆலப்புழை வாத்துகளுக்கு வந்த பறவைக் காய்ச்சலைப் பக்கத்து ஊர்க்காரர்களான நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தாளில் எழுதுபவை: மாட்டின் வயது, எத்தனையாம் ஈற்று, கன்று போட்ட தேதி, எத்தனை மாடு இருந்து எத்தனைக்கு நோய், எத்தனை சாவு, முதல் குறி என்றைக்கு, காய்ச்சல் எத்தனை டிகிரி, போட்ட மருந்தின் பெயரும் தேதியும், தடுப்பூசி, கடந்த மாதம் சந்தையிலிருந்து வாங்கி வந்த மாடு உண்டா, தீனி மாறியதா. மருந்தின் பெயர் தெரியாவிட்டால் காலிப் பாட்டிலின் லேபிளைப் போட்டோ எடுத்துச் சேருங்கள். எந்த நோயைச் சந்தேகிக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். ‘ரத்தம், சோதனை செய்யவும்’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு வரும் குழாயில் எதைத் தேடுவது என்று ஆய்வாளருக்குத் தெரியாது.

திசு அனுப்புவதானால் ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு, இரண்டு டப்பா. ஒன்று வெறுமனே ஐஸில், கிருமி வளர்ப்புக்கு. இன்னொன்று 10 சத ஃபார்மலினில், திசுவைப் பார்க்க. கடையில் வாங்கும் ஃபார்மலின் 100 மில்லிக்குத் தண்ணீர் 900 மில்லி. துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், ஃபார்மலின் உள்ளே ஊறாமல் நடு அழுகிவிடும். திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கட்டும். நோய்ப்பட்ட இடமும் பக்கத்து நல்ல இடமும் ஒரே துண்டில் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். டப்பா மூடியில் டேப் சுற்றி, தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் பையோடு வையுங்கள். கட்டி ஐஸைச் சும்மா கொட்டினால் உருகிய தண்ணீரில் லேபிள் மை கரைந்து எது எந்த மாட்டுடையது என்றே தெரியாமல் போகும். பென்சிலால் எழுதினால் கரையாது. பெட்டி சனிக்கிழமை மாலை போய்ச் சேரும்படி அனுப்பாதீர்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுபோல் கிளம்புங்கள், கிளம்பும் முன் ஆய்வகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்.